பஸ் ஷெட்டில் நான் கண்டுபிடித்த ஜோடிக் கட்டம்

ஓசூர் பஸ் ஷெட்டுக்குத் தகரக் கூரை போட வைத்தவன் நான். அதற்கு முன்னால் மழை வந்தால் பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் பஸ்ஸை ரிப்பேர் பார்ப்பார்கள். பஸ் புறப்படும் நேரத்தைச் சுவரில் எழுதிப் போட்டவனும் நான். அதற்கு முன்னால் முதலாளிக்குச் சாப்பிட்ட ஏப்பம் எப்போது வருகிறதோ அப்போதுதான் முதல் வண்டி கிளம்பும். சூளகிரியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத் தண்ணீர்ப் பானை வைக்கச் சொல்லிச் சண்டை போட்டு வைத்தவன் நான். சொந்தமாக மாடி வீடு கட்டினேன். படிக்காதவன் கட்டிய மாடி சாயும் என்று சொன்னவருடைய வீட்டுச் சுவர் சாய்ந்தது, என்னுடையது நிற்கிறது. இத்தனையும் மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட கை செய்தது.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஊருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மொழி வகுப்புகளில் ஆட்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒரே குறுக்கெழுத்துக் கட்டத்தை ஆளுக்குப் பாதியாக நிரப்பிக் கொடுத்து, ஒருவரை ஒருவர் கேட்டு மீதியை நிரப்பச் சொல்லி வார்த்தை பழக்குகிறார்களே, அந்த முறையைக் கண்டுபிடித்தவனும் நான்தான். சிரிக்க வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பஸ் தொழிலாளர் சங்கத்துப் பிள்ளைகள் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதிக் கொடுக்கச் சொல்லி என் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். கூரையைப் பற்றி எழுதலாமா, பானையைப் பற்றி எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் என் பேத்தி ஒரு தாளோடு வந்தாள். இங்கே ஒரு தொழிற்சாலையில், வடக்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். தாளில் கட்டம் கட்டமாக இருந்தது. பாதி நிரம்பி, பாதி காலியாக.

"இது புது முறை தாத்தா. வெளிநாட்டுலேர்ந்து வந்துது" என்றாள்.

"எந்த பஸ்ல வந்துது?" என்று கேட்டேன்.

கூரையும் பானையும் போகட்டும் என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கம்பெனியில் சேர்ந்தது வண்டி கழுவ. கழுவும்போது சீட்டுக்கடியில் பயணிகள் விட்டுப்போன பத்திரிகைகள் கிடைக்கும். அந்தக் காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் நாடே பைத்தியம். எனக்கும் பிடித்தது. பரிசு ஒருநாளும் வரவில்லை. எழுத்துதான் வந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று தேடித் தேடி, வாத்தியார் பிரம்பால் ஏறாத தமிழ் அழுக்கு வாளிப் பக்கத்தில் ஏறியது. கழுவுகிறவன் கிளீனர் ஆனேன், கிளீனர் டைம் கீப்பர் ஆனேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த சமயம். ஓசூரை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று ஒவ்வொரு டீக்கடையிலும் சண்டை. கடைசியில் நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம், சென்னை ராஜ்யத்தில். எங்கள் ஷெட்டில் டிரைவர்கள் பலபேர் வீட்டில் தெலுங்கு, சிலபேர் வீட்டில் கன்னடம், ரோட்டில் எல்லாம் கலந்த ஒன்று. பேச்சுக்குக் குறைவில்லை. எழுத்துதான் தகராறு. அதே சமயம் முதலாளி கிருஷ்ணகிரி தாண்டி ஊத்தங்கரை வரைக்கும் வண்டி விட அனுமதி வாங்கிவிட்டார். அந்தப் பக்கம் முழுக்கத் தமிழ்ப் பலகை.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர். குரலே எழும்பாது. அவர் பேசினால் நாம் முன்னால் குனிய வேண்டும், குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசுவார். "சரி" என்ற ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்வார். சுருக்கமாகச் சொன்னால் போய் வேலையைப் பார் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். மூன்றாவது விதத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நாங்கள் யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் திட்ட மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். நிதானமாகச் சாவி கொடுப்பார். திரும்பக் கட்டிக்கொள்வார். கட்டி முடிக்கும்போது யாரோ ஒருவருக்கு வேலை இருக்காது.

அவர் ஒருநாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "பொங்கலுக்குள்ள தமிழ் படிக்கத் தெரியணும். நானே பரீட்சை வெப்பேன். தெரியாதவன் ஸ்டியரிங்க தொட வேணாம். வாளியும் துணியும் இருக்குது, வண்டி கழுவட்டும்."

சொல்லிக் கொடுக்க ஒரு தமிழ்ப் பண்டிதரை ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. மத்தியான வண்டிகள் வந்து இன்ஜின் ஆறுகிற நேரத்தில் வகுப்பு. அவர் அகரத்தில் ஆரம்பித்து ஐகாரம் வருவதற்குள் டிரைவர்கள் வரிசையாகக் குறட்டை விடுவார்கள். விடியற்காலையில் எழுந்து வண்டி ஓட்டியவர்கள், பாவம். பண்டிதர் என்னிடம் வந்து, "மாரப்பா, இவங்க ரோட்டுலயும் இப்படித்தானா?" என்று பயந்து போய்க் கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரோட்டில் இவர்கள் தூங்குவதில்லையே, ஏன்? பின்னால் ஒருத்தன் கத்திக்கொண்டே இருக்கிறான், அதனால்! டிரைவருக்குத் தெரிவது முன்னால் இருக்கிற ரோடு. கண்டக்டருக்குத் தெரிவது பின்னால் இருக்கிற ஜனம். ஆளுக்குப் பாதி பஸ்தான் தெரியும். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் சத்தம் போட்டுச் சேர்த்துத்தான் வண்டி ஓடுகிறது. ஒரு வண்டிக்கு ஒரு ஜோடி, வருஷக் கணக்கில் மாறாது. புருஷன் பெண்டாட்டி மாறினாலும் டிரைவர் கண்டக்டர் ஜோடி மாறாது என்று ஷெட்டில் சொல்வோம். அப்படியானால் தமிழையும் பாதிப் பாதியாகக் கொடுத்தால் என்ன?

சாக்பீஸ் எடுத்தேன், இரண்டு சிலேட்டு எடுத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி கட்டம் போட்டேன். குறுக்கே ஓடுவது டிரைவர் வார்த்தைகள்: பாலம், வளைவு, சக்கரம். மேலிருந்து கீழே இறங்குவது கண்டக்டர் வார்த்தைகள்: சில்லறை, மூட்டை, படிக்கட்டு. டிரைவர் சிலேட்டில் குறுக்கு மட்டும் நிரம்பியிருக்கும். கண்டக்டர் சிலேட்டில் நெடுக்கு மட்டும் நிரம்பியிருக்கும். பஸ்ஸில் இருப்பதுபோலவே டிரைவர் முன்னால், கண்டக்டர் பின்னால், முதுகோடு முதுகு. வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது. அது எப்படி இருக்கும், எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று தமிழில் மட்டும் சொல்லலாம். தெலுங்கோ கன்னடமோ வந்தால் கண்டக்டர் ஒரு விசில். அதாவது வண்டி நின்றது, மறுபடி முதலிலிருந்து. அடுத்த வார்த்தைக்குப் போகலாம் என்றால் இரண்டு விசில். எழுதிய எழுத்து தப்பாக இருந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தின் நடுவில் இருக்கிற 'ல' சில்லறைக்குள்ளும் வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் யாரோ தப்பு. யார் என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டையில்தான் தமிழ் வரும்.

முதல் நாளே ஷெட்டு சந்தைக்கடை ஆகிவிட்டது. மூட்டைக்கு ஒரு கண்டக்டர் துப்புக் கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது: "பக்கத்துல ஒக்கார வெச்சிருப்பான், டிக்கெட்டு கேட்டா, அது எம் பொண்டாட்டி இல்லப்பா ராகின்னுவான்!" வளைவுக்கு ஒரு டிரைவர் சொன்னார்: "எங்க மாமியா பேச்சு மாதிரி. இதோ முடிஞ்சிடுச்சுன்னு நெனப்பே, அதுக்கப்பறம்தான் இருக்குது!" குறட்டை போன இடம் தெரியவில்லை. வெளியே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் உள்ளே எட்டிப் பார்த்துத் துப்புக்கு விடை சொல்ல ஆரம்பித்தது. அவர்களை விரட்டவே ஓர் ஆள் போட வேண்டியதாயிற்று. பண்டிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜோடி ஜோடியாகப் போய்க் குனிந்து பார்த்தார். "இதை எங்கே படிச்ச மாரப்பா?" என்றார். "படிச்சிருந்தா இது வந்திருக்குமாங்கய்யா?" என்றேன்.

நான் நேராக முதலாளியிடம் போய், "பரீட்சையையே இப்படி வெச்சிடலாங்க. ஜோடிக்கு ஒரு கட்டம். ஒருத்தன் கூட ஃபெயில் ஆக மாட்டான்" என்று மார்தட்டினேன்.

"ஆயிட்டா?" என்றார்.

"நானும் வாளி தூக்குறேங்க."

"ச...ரி" என்றார். இழுத்த சரி.

வெளியே வந்த பிறகுதான் எனக்குத் திம்மராயப்பாவின் ஞாபகம் வந்தது.

திம்மராயப்பா எங்கள் கம்பெனியிலேயே கெட்டிக்கார டிரைவர். தெலுங்கு வீடு. அவர் ஓட்டினால் மடியில் இருக்கிற பாலும் சிந்தாது. ஸ்டியரிங் பிடிக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அவருடைய கண்டக்டர் காதர் பாஷா, தமிழ் வீடு, முத்து முத்தாக எழுதுவார். இவர் அவரைப் "பாயி" என்பார், அவர் இவரைத் "திம்மண்ணா" என்பார். ஷெட்டிலேயே பொருத்தமான ஜோடி. ஒரே சங்கடம், இரண்டு பேரும் மாதக் கணக்கில் பேச்சில்லை.

காரணம் கெலமங்கலம் சந்தை. சந்தை நாளில் காதர் கூரைமேல் மூட்டை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறார். பக்கத்தில் பொம்மைக் கடைக்காரன் விற்பனைக்கு ஒரு விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதிக் காட்டியிருக்கிறான். திம்மராயப்பா வண்டியை எடுத்துவிட்டார். காதர் சந்தை நடுவில், கையில் டிக்கெட் பையோடு. பஸ்ஸுக்குள் இருந்த ஒருவராவது சொல்ல வேண்டுமே! கண்டக்டர் இல்லையென்றால் டிக்கெட் இல்லை. அத்தனை பேரும் ஓசூர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக இயற்கையை ரசித்தபடி வந்தார்கள். காதர் சாயங்காலம் ஒரு வைக்கோல் வண்டியின் உச்சியில் உட்கார்ந்து ஷெட்டுக்குள் வந்து சேர்ந்தார். மொத்த ஷெட்டும் எழுந்து நின்று கைதட்டியது. அதுதான் தப்பாகிவிட்டது.

"எம் விசிலு எது, பொம்ம விசிலு எதுன்னு தெரியாத டிரைவர்கூட எனக்கு என்னா பேச்சு?" என்றார் காதர்.

"ரெண்டு விசிலு கேட்டா வண்டி எடுக்கறதுதான். ஊதுனது யாருன்னு கண்டுபிடிக்க நான் என்னா சாமியா?" என்றார் திம்மராயப்பா. ஆனால் மனசுக்குள் சுட்டிருக்கிறது. இனிமேல் காதர் விசில் என்று நிச்சயமாகத் தெரியாமல் ஓர் அடி நகர்த்துவதில்லை என்று முனியப்பன் கோயிலில் சத்தியம் செய்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்த வண்டி விசிலால் மட்டுமே ஓடியது.

பேசாத ஜோடிக்கு எப்படிக் கட்டம் போடுவது? முதுகோடு முதுகு உட்கார்ந்தார்கள். காதர் கூரையைப் பார்த்தார். திம்மராயப்பா தரையைப் பார்த்தார். சிலேட்டு சுத்தமாகவே இருந்தது. மற்ற ஜோடிகள் நான்காவது கட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் திம்மராயப்பா என்னிடம் தனியாக வந்தார்.

"மாரப்பா, வாளி எங்க இருக்குதுன்னு இப்பவே காட்டிடு. அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் தேட வேணாம்."

பெரிய உருவம். வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்புறம் நான் போட்டேன் பாருங்கள் ஒரு கட்டம்! என் ஆயுளில் போட்டதிலேயே உயர்ந்த கட்டம் அதுதான். திம்மராயப்பா சிலேட்டில் நான் நிரப்பிக் கொடுத்த வார்த்தை 'வைக்கோல்'. காதர் சிலேட்டில் நிரப்பிக் கொடுத்த வார்த்தைகள் 'சந்தை', 'விசில்'. அவரவர் பாதியை அவரவர் பார்த்தார்கள். பிறகு திம்மராயப்பாவின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அடக்க முடியவில்லை அவருக்கு.

"கண்டக்டரே! துப்பு சொல்றேன், கேட்டுக்கோ. மாடு துண்ணும். மஞ்சளா இருக்கும். அதும்மேல ஒக்காந்து ஒரு மகராசா ஊர்வலம் வந்தாரு!"

ஷெட்டில் அத்தனை சாக்பீசும் நின்றது. காதரின் காது சிவந்தது. அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. ஆனால் எழுதினார்: வைக்கோல்! இரண்டு விசில். பிறகு திரும்பாமலே கத்தினார்:

"இப்ப எந் துப்பு. வாரத்துக்கு ஒரு நாளு கூடும். மாடு விப்பாங்க, மொளகா விப்பாங்க. கூட வேல செய்யிற ஒரு மனுசன அனாதயா வுட்டுட்டு வண்டி ஓடிப்போன எடம்!"

"நானா ஓடிப்போனன்? அது எழுதறது எப்பிடி, அத சொல்லு மொதல்ல!"

"மொத எழுத்து சக்கரத்துக்கு மொத எழுத்து. அதுவாச்சும் தெரியுமா, இல்ல அதையும் வுட்டுட்டு ஓட்டுவியா?"

காதர் திட்டிக்கொண்டே சொன்னார், திம்மராயப்பா திட்டு வாங்கிக்கொண்டே எழுதினார். ஒரு வசவுக்கு ஓர் எழுத்து. அடுத்த நாளிலிருந்து இருவரும் எனக்கு முன்னால் வந்து சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை மாதம் சேர்த்து வைத்ததை எல்லாம் துப்பாகத் தீர்த்தார்கள். கிளட்சுக்குத் துப்பு, காதரின் மாமனார். ஓட்டை வாளிக்குத் துப்பு, திம்மராயப்பாவின் ஞாபகசக்தி. கட்டத்துக்குள் மட்டும்தான் பேச்சு. எழுந்துவிட்டால் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் திம்மராயப்பா எழுதினார். கோணலாக, பெரிது பெரிதாக, தமிழ் எழுதினார்.

பரீட்சை நாள். முதலாளி நாற்காலியில். பக்கத்தில் பண்டிதர், மனப்பாடம் செய்திருக்கக் கூடாது என்று புதுக் கட்டங்களோடு. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். முதலாளி சுற்றிப் பார்த்தார், ஒன்றே ஒன்று சொன்னார்: "பரீட்சைல என்னாத்துக்கு விசிலு? எல்லாத்தயும் வாங்கி வை."

விசில்களை எல்லாம் என் கையாலேயே வாங்கி மேஜையில் வைத்தேன். மற்ற ஜோடிகள் விசில் இல்லாமல் கொஞ்சம் தடுமாறினாலும் முடித்துவிட்டார்கள். கடைசியாகத் திம்மராயப்பாவும் காதரும்.

காதர் தன் நெடுக்கு வார்த்தையைப் பார்த்துத் துப்புக் கொடுத்தார்: "ஜனங்க வெயில்ல காத்திருப்பாங்க. நீ எப்பவும் அதத் தாண்டிப் போயிதான் நிறுத்துவே!"

'நிறுத்தம்.' எனக்கே தெரிந்துவிட்டது. திம்மராயப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, உதடு அசைந்தது. சாக்பீஸ் சிலேட்டுக்கு மேலே நிற்கிறது. எழுதவில்லை.

"எழுதுப்பா" என்றார் பண்டிதர்.

திம்மராயப்பா மேஜைமேல் குவிந்திருந்த விசில்களைப் பார்த்தார்.

"தெரியலியா?" என்றார் முதலாளி, மெதுவாக.

"தெரியுதுங்க."

"பின்ன?"

"விசிலு வல்லீங்களே. நான் சத்தியம் பண்ணிட்டனுங்க. பாயி விசிலு கேக்காம நான் வண்டி எடுக்க மாட்டேன். இதுவும் வண்டிதானே எனக்கு."

முதலாளியின் இடது கை மடிந்தது. கடிகாரம் கழன்றது. சாவி கொடுக்கிற சத்தம் எனக்கு இன்ஜின் சத்தம்போலக் கேட்டது. மேஜைமேல் இருந்த விசிலை எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன், முதலாளியின் முழங்கை அதன்மேல் இருந்தது. அவருடைய முழங்கையை நகர்த்துகிற அளவுக்கு நான் கூட அப்போது வளரவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. 'பாயி.' கெலமங்கலத்துக்கு அப்புறம் அந்தப் பேரை அவர் வாய் சொன்னதே இல்லை.

காதர் கூரையைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். ஒன்று. இரண்டு. கிருஷ்ணகிரி மலை வரைக்கும் கேட்டிருக்கும். பண்டிதர் காதைப் பொத்திக்கொண்டார்.

திம்மராயப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமில்லை. "இது அவன் விசிலுதான்" என்று சொல்லிவிட்டு எழுதினார். நி. று. த். த. ம்.

"திம்மண்ணா, அந்த கோட்ட இன்னுங் கொஞ்சம் இழு, 'று'வு சரியா வுழல" என்று பின்னாலிருந்து காதர் கத்தினார்.

"பாக்காமயே சொல்றியே பாயி!"

"நீ எழுதற லட்சணம் எனக்குத் தெரியாதா!"

முதலாளி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. பிறகு அதைக் கட்டிக்கொண்டு, "சரி!" என்றார். மூன்றாவது சரி. அந்த ஷெட்டில் அதைக் கேட்ட முதல் தலைமுறை நாங்கள்தான். ஊத்தங்கரைக்குப் போன முதல் வண்டியின் ஸ்டியரிங்கில் திம்மராயப்பா. ஊர்ப் பலகை ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே ஓட்டினார். பயணிகள் கெஞ்சிக் கேட்டும் நிறுத்தவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முதலாளி சால்வை போட்டது பண்டிதருக்கு. தமிழ் சொல்லிக் கொடுத்தவர் பண்டிதர்தானே என்று நினைத்துவிட்டார். பண்டிதர் மேடையிலேயே என் பேரைச் சொன்னார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கொண்டு வந்திருந்த சால்வை ஒன்றுதான். பண்டிதர் கட்டத்தைத் தன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து அது ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்கும், பயிற்சியிலிருந்து பட்டணம், பட்டணத்திலிருந்து கப்பல். எந்த வழியாகப் போனால் என்ன, கிளம்பிய இடம் ஓசூர் ஷெட்டு. வழித்தடம் எனக்குத் தெரியாதா? நான் டைம் கீப்பர்.

ஆகவே பேத்தி வேலை பார்க்கிற தொழிற்சாலைக்காரர்களுக்கும், சங்கத்துக்கும், மலரைப் படிக்கிற அத்தனை வாத்தியார்களுக்கும் சொல்கிறேன். அந்தத் தாளின் அடியில், சின்ன எழுத்தானாலும் சரி, இப்படிப் போட வேண்டும்: 'ஜோடிக் கட்டம். கண்டுபிடித்தவர் டைம் கீப்பர் மாரப்பன், ஓசூர். முதலில் ஓட்டிக் காட்டியவர்கள் திம்மராயப்பா, காதர் பாஷா.' ஆட்களை எதிரெதிரே உட்கார வைக்கிறார்களாம், அதையும் மாற்ற வேண்டும். முதுகோடு முதுகுதான். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்து துப்பு கெட்டுவிடும்.

பேர் போட்டாயிற்றென்றால் என் வீட்டு வாசலில் வந்து இரண்டு விசில் கொடுங்கள். அது கேட்கிற வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு வண்டியை எடுக்கப் போவதில்லை.